மைதீனுக்கு, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து

அன்புள்ள மைதீன்,

இங்கே எல்லோரும் நலம். சாரல் பிடித்துவிட்டது, பாபநாசம் பக்கம் போய்வந்தாலே சட்டை நனைகிறது.

உன் கடிதத்தை வீட்டில் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். நீ இருக்கிற, அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள அமெரிக்காவில் பிரசவத்தை ஒட்டி இறக்கும் விகிதம் கறுப்பினப் பெண்களிடம் வெள்ளைக்காரப் பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்றால், யார் நம்புவார்கள்? வசதியில்லாதவர்களுக்கான மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடு முன்பு பிரசவமாகி 60 நாளோடு நின்றுவிடும், 2021 சட்டத்துக்குப் பிறகு மாநிலம் மனசு வைத்தால் 12 மாதம் வரை நீட்டலாம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதுதான் பிடித்தது. கட்டடமும் கட்டவில்லை, புது மருந்தும் வரவில்லை. விதியில் ஒரு வரியை மாற்றியிருக்கிறார்கள்.

போன வாரம் மேலப்பாளையத்தில் உன் அக்காவை, அதான் லாத்தாவைப் பார்த்தேன். மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டேதான் பேச்சு. இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி... என்னைப் பார்த்துப் பேசுகிறார், கை மட்டும் நிற்கவே இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதானே கூலி. காலையில் போய் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போச்சு. அதனால் சுகர் மாத்திரை தீர்ந்தால் தீர்ந்ததுதான், தோள்வலிக்குத் தைலம்தான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாளாம். மாத்திரை பழைய மாத்திரைதான். ஆனால் இப்போது விடாமல் சாப்பிடுகிறார்.

பீடிக்காரர்களுக்கென்று மத்திய அரசு மருந்தகங்கள் உண்டு, முக்கூடலில் ஆஸ்பத்திரியே உண்டு. அடையாள அட்டை வேண்டும், அதுதான் சிக்கல். பீடிக் கம்பெனி பாஸ்புக் ஒருத்தர் பேரில், பீடி சுற்றுவது இன்னொருத்தர் என்கிற வீடுகள் உனக்குத் தெரியாததா? அந்த நல நிதிக்கென்று பீடிமேல் போட்ட தனி வரியையும் ஜி.எஸ்.டி. வந்தபோது 2017-ல் எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றுவரை அது ஒப்பவில்லை.

அப்புறம் மேலே மலையில் இருக்கிற காணிக்காரப் பழங்குடிகள். துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசாங்கக் கணக்கு. அவர்களின் இஞ்சிக்குழிக் குடியிருப்பில் அந்தத் தலைக்கணக்கு எந்தக் காலத்தில் நிறையும்? காரையாறு அணைக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் நடக்க வேண்டும். யானை நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டும். 108-ஐக் கூப்பிட்டாலும் வண்டி அணைவரைதான். சின்னக் கூட்டத்துக்கு ஆளை எண்ணக்கூடாது, நடக்கிற நேரத்தை எண்ண வேண்டும் என்பது என் கட்சி. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். நாள் நெருங்குமுன்பே வந்து தங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. மூத்த பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதற்கும் வழி செய்தால் இன்னும் நிறையப் பேர் வருவார்கள்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் நான் சர்வீஸில் இருந்தபோது மாதக் கூட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரே சதவீதம் வாசிப்பார்கள், கைதட்டுவோம், டீ வரும். விடுபட்டவர் எந்தத் தெரு, எந்தக் குடியிருப்பு என்று எந்த அதிகாரியும் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் ஊரில் இனவாரியாகப் பிரித்து எழுதி வைத்ததால்தானே மூன்று மடங்கு என்பதே வெளியே வந்தது? மொத்தமாகக் கூட்டியிருந்தால் அங்கேயும் இந்த வித்தியாசம் உள்ளேயே மறைந்திருக்கும்.

அங்கே ஆஸ்பத்திரியில் இன விவரத்தை எப்படிக் கேட்டு எழுதுகிறார்கள், கேட்டால் ஜனங்கள் கோபப்பட மாட்டார்களா என்று விசாரித்து எழுது. ஓய்வூதியர் சங்கத்தில் ஒரு மனு தயாரிக்கிறோம், அதற்கு உதவும். லாத்தாவுக்கு ஒரு போன் போட்டு, ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் கண்ணைக் காட்டச் சொல்லு. நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்.

அன்புடன்,
சண்முகம்