கலப்பு வகை நுரையீரல் புற்றுநோய்க்கான திசுச் சோதனைகளை அரசே ஏற்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நோயாளி ஒருவரின் மகள்,
செங்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600009.

பொருள்: அடினோஸ்குவாமஸ் (இரு வகைப் புற்றுச் செல்கள் கலந்த) நுரையீரல் புற்றுநோய் – அகற்றிய கட்டியை முழுமையாகப் பரிசோதித்தல், மரபணுச் சோதனைச் செலவை ஏற்றல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகைப்பழக்கமே இல்லாத என் தாயாரின் நீடித்த இருமல், காசநோயாக இருக்குமோ என்ற ஐயத்தில் சில காலம் கழிந்த பின்னரே சி.டி. ஸ்கேன் வரை சென்றது. ஊசி செலுத்தி எடுத்த திசுவில் ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) வகைப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. நோய் வேறெங்கும் பரவாததால் வலது நுரையீரலின் மேல்மடலையும் அதைச் சார்ந்த நிணநீர் முடிச்சுகளையும் அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். அந்தக் கட்டியைப் பல துண்டுகளாக்கிப் பார்த்தபோதுதான் அதில் அடினோகார்சினோமா என்னும் சுரப்பிச் செல் வகைப் புற்றுநோயும் கலந்திருப்பது தெரிந்தது.

இதில் மருத்துவர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. இரு வகைச் செல்களும் தலா 10 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருந்தால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி அது அடினோஸ்குவாமஸ் ஆகும். நூலிழை அளவு திசுவை எடுக்கும் ஊசி, கட்டியின் எந்தப் பகுதியில் பட்டதோ அதை மட்டுமே காட்டும். முழுக் கட்டியையும் ஆராயாமல் உறுதிசெய்ய இயலாது. திசுவில் சாயமேற்றிச் செல்லின் வகையைக் காட்டும் டிடிஎஃப்-1, பி40 சாயச் சோதனைகள் இரு பகுதிகளையும் பிரித்தறிய உதவுகின்றன.

என் கவலை இதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. அறிக்கையில் ஸ்குவாமஸ் என்று மட்டும் இருந்தால் செல் வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ளதா என்று பார்க்கும் சோதனை பல நேரங்களில் கேட்கப்படுவதே இல்லை. ஆனால் அடினோகார்சினோமா கலந்த கட்டிகளில், குறிப்பாகப் புகைப்பழக்கம் இல்லாத ஆசியப் பெண்களிடம், அம்மரபணு மாற்றம் காணப்படுவதுண்டு. அதற்கென்றே மாத்திரைகளும் உள்ளன. அறுவைக்குப் பிறகும் திரும்பி வரக்கூடிய இந்நோயில் அந்த வாய்ப்பைச் சோதிக்காமலேயே இழப்பது பெருங்கொடுமை. எங்களை வெளியே பணம் கட்டிச் சோதித்து வரச் சொன்னார்கள். நூறு நாள் வேலையை நம்பியுள்ள நாங்கள் கடன் வாங்கிச் செய்தோம். கடன் கொடுக்க ஆளில்லாத குடும்பம் என்ன செய்யும்?

ஆகவே, நுரையீரல் புற்றுநோய்க்காக அகற்றப்படும் ஒவ்வொரு கட்டிக்கும் மேற்கண்ட சாயச் சோதனைகளும், அடினோகார்சினோமா கலப்பு தெரிந்தால் மரபணுச் சோதனையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் நோயாளிக்குச் செலவின்றிக் கிடைப்பதை உறுதிசெய்யுமாறு வேண்டுகிறேன். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவ்வசதி இல்லையெனில், நோயாளியை அலையவிடாமல், மெழுகில் பதித்த திசுவை மட்டும் சென்னைக்கு அனுப்பிச் சோதிக்கவும், மேற்சிகிச்சையை மார்பு அறுவை, நோய்க்குறியியல், புற்றுநோய் மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.

இணைப்பு: இரு திசு ஆய்வு அறிக்கைகளின் நகல்கள்.