கரும்புக் காட்டுக் கல்லைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து திரும்பிய வாரமே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், எங்கள் கொள்ளுத் தாத்தாவின் கல்லறைக் கல் படத்தைக் காட்டிவிட்டு எழுதலாம் என்று இருந்ததில் நாள் ஓடிவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொள்ளுத் தாத்தாவும் ஆயாவும் 1889-இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள். பத்து வருஷம் முடித்தால் கப்பல் கூலி இல்லாமல் ஊர் திரும்பலாம் என்பது ஏற்பாடு. அதற்குச் சில மாதம் இருக்கும்போது தாத்தா இறந்துவிட்டார். மூத்த மகளை அங்கேயே கட்டிக்கொடுத்துவிட்டு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஆயா கப்பலேறி வந்தார். 'புருஷனைக் கரும்புக் காட்டில் அநாதையாகப் போட்டுவிட்டு வந்தவள்' என்று பங்காளிகள் பேசிய பேச்சு அவர் கண் மூடும் வரை ஓயவில்லை. என் அப்பா காலத்திலும் கல்யாணம், கருமாதி என்றால் யாராவது அதை எடுப்பார்கள்.

முதல் நன்றி, நான் முகம் பார்த்திராதவர்களுக்கு. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். அந்தக் கப்பல் பட்டியல்களை வரி வரியாகத் தட்டச்சு செய்து வைத்தீர்கள். எங்கள் ஊர்ப் பெயரைக் குமாஸ்தா எழுதியிருந்த விதத்தில் எங்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. எண் மட்டும் பிசகவில்லை. ஆயாவின் தகரப் பெட்டியில் மடித்துக் கிடந்த காகிதத்தில் இருந்த அதே எண். எதிரே, இடது புருவத்தில் தழும்பு. எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றிச் சொல்லிவந்த ஒரே அடையாளமும் அதுதான்.

டர்பன் ஆவணக் காப்பகத்தில் அந்த எண்ணை வைத்து மூத்த மகளின் கல்யாணப் பதிவைத் தேடி எடுத்துக் கொடுத்த அம்மாவுக்கு நன்றி. அந்த வழியில் கிடைத்தவர்தான் அக்கா, அந்த மகளின் கொள்ளுப் பேத்தி. அக்காவுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் 'ஆயா' என்று சொல்லும்போது அப்படியே எங்கள் ஊர்க் குரல்! பத்து நாள் என்னைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டதற்கு நான் தனியாக என்ன நன்றி சொல்வது, அக்கா?

டர்பனுக்கு வடக்கே, வெருலம் ஊர்ப் பக்கத்துக் கரும்புப் பண்ணையின் உரிமையாளருக்கு அடுத்த நன்றி. பிறர் நிலத்தில் இருக்கும் குடும்பக் கல்லறையைப் போய்ப் பார்க்கவும் பராமரிக்கவும் தென்னாப்பிரிக்காவில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உரிமை தருகிறது. அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போனோம். வெளியே எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று சொல்லி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்.

இடத்தைக் காட்டியவர் பண்ணையில் வேலை செய்த ஜூலு இனத்து முதிய அம்மா ஒருவர். எல்லோரும் கோகோ என்கிறார்கள், பாட்டி என்று அர்த்தம். கரும்புக்கு நடுவே ஒரு திட்டு, அதில் முள் மரம் ஒன்று, நம் இலந்தைக்குச் சொந்தம். அங்கே ஏர் படக் கூடாது என்று தன் பாட்டி சொல்லிவைத்திருந்ததாகச் சொன்னார். புல்லை விலக்கினால் பதினோரு மேடு, ஒரே ஒரு கல்.

60 வருஷத்துக்கு மேற்பட்ட கல்லறையில் கை வைக்க அங்கே மரபுத் துறையின் அனுமதி வேண்டும். அதனால் சாய்ந்திருந்த கல்லை நிமிர்த்தவில்லை, சும்மா தண்ணீர் விட்டு மெல்லத் துடைத்தோம். ஒன்றும் தெரியவில்லை. கூட வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாதான், வெயில் சாயட்டும் என்று உட்காரவைத்தார். அப்புறம் ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார். எழுத்து எழும்பி வந்தது. விளம்பி வருஷம் தை 12. பன்னிரண்டு தமிழ் எண்ணில், ௰௨ என்று. அதற்குக் கீழே, யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட அந்தக் காலத்து னையும் ளையுமாக: 'மனைவி பிள்ளைகள் உபயம்'.

ஐயா அதை இரண்டு தடவை வாசித்தார். எனக்கு நிற்க முடியவில்லை.

விளம்பி தை என்றால் 1899. ஒப்பந்தக் கூலி ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கி ஆண்டுக்கு 1 ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. அந்தக் காசில் மிச்சம் பிடித்துக் கல் நட்டுவிட்டுத்தான் ஆயா கப்பலேறியிருக்கிறார். ஏனோ அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியும் யாரும் கேட்கவில்லையோ என்னவோ.

கிளம்பும்போது கோகோ அந்த மரத்தில் ஒரு கிளை ஒடித்து என் கையில் கொடுத்தார். வெளியூரில் செத்தவரை வீட்டுக்கு அழைத்துப்போக ஜூலு மக்கள் இந்தக் கிளையைத்தான் கொண்டுபோவார்களாம். வழியெல்லாம் அவரிடம் பேசிக்கொண்டே போகச் சொன்னார். விமானத்தில் கொண்டுவர முடியாது. அக்கா வீட்டு வாசல் வரை கொண்டுபோனேன். மகள் வீடுதானே.

கல்லின் படத்தைப் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆயா படம் ஏதாவது இருக்கிறதா, மாட்டிவைக்கிறேன்" என்றார். படம் ஏதும் இல்லை. கல்லின் படத்தையே சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வரும் தை 12 அன்று அக்கா குடும்பம் அந்தத் திட்டில் விளக்கு வைக்கிறது, நாங்கள் இங்கே வைக்கிறோம். பெயர் தெரியாத மற்ற பத்து மேட்டுக்கும் சேர்த்துத்தான்.