அக்காவுக்கு, கனடா வொயிட்ஹார்ஸ்ல இருந்து

அக்கா, உன் லெட்டரும் பார்சலும் வந்துருச்சு. அப்பளம் நாலஞ்சு உடைஞ்சதோட சரி, மாவடு ஒழுகல. மே மாசம் பொறந்தும் இங்க நிழல்ல பனி கிடக்கு, ஆனா ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம், ஜன்னல்ல கம்பளிய கட்டிட்டுத்தான் தூங்கறேன்.

பக்கத்து வீட்டு பாட்டி இருக்காங்கல்ல, ஞாயித்துக்கிழமை யூகான் ஆத்து மேட்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. செங்குத்தா வெள்ளை வண்டல் மண்ணு, பனியுகத்து ஏரியில படிஞ்சதாம், பாட்டி ஆடு மாதிரி ஏறுறாங்க நான் பின்னாடி மூச்சு வாங்கிட்டு பை தூக்கிட்டு. தெக்கு பாத்த சரிவுல வெயில் படுறதால அங்கதான் முதல்ல க்ரோகஸ் பூக்குமாம், இலை வர்றதுக்கு முன்னாடியே பூ வந்துடுது. ஊதா இதழ், நடுவுல மஞ்சள், காம்பு பூரா வெள்ளையா பட்டு மயிரு. அழுத்திக் காய வச்சு சேகரிக்கறதுக்காக, நிறைய இருக்கற இடத்துல ஒரே ஒரு செடிய வேரோட எடுத்தாங்க, தேதி, இடம், சரிவு எந்தப் பக்கம், பக்கத்துல என்ன செடின்னு எல்லாம் அங்கயே நோட்டுல எழுதிக்கிட்டாங்க. இது இல்லாட்டி வெறும் காஞ்ச பூதானாம்.

அழுத்தி வைக்க பேப்பர் பத்தலன்னாங்க. பார்சல்ல நீ சுத்தின பேப்பரக் கொடுத்தேன். பெருங்காய வாசன ஏறிடுமோன்னு மோந்து பாத்தாங்க! பூசணம் பிடிக்காம இருக்க தினமும் தாள மாத்தணுமாம், அதனால பூ இப்ப நம்ம ஊர் நகைக்கடை விளம்பரத்துல படுத்திருக்கு. கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு எழுத்து விடாம படிச்சேன் அக்கா, டெண்டர் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி கூட. கிழிஞ்ச ஓரத்துல உன் கையெழுத்துல பால் கணக்கு, அத மட்டும் வெட்டி வச்சுக்கிட்டேன். ஏன்னு கேக்காத.

எனக்கு ஒரு குறையும் இல்ல. டூரிஸ்ட் இன்னும் வரல, ஹோட்டல்ல ஷிப்ட் கம்மி, நல்ல ரெஸ்ட். இந்த மாசம் பணம் கொஞ்சம் லேட்டா வரும், அம்மாகிட்ட பேங்க்ல ஏதோ தாமதம்னு சொல்லிடு.

நிலம் விஷயம். சித்தப்பா கேக்கற பவர் பத்திரத்துக்கு நான் வான்கூவர் இந்தியத் துணைத் தூதரகத்துல போய் கையெழுத்து போடணும், ப்ளைட்லதான் போகணும், ஜூலைல பாக்கறேன். அது ஊருக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரை கட்டணும்னு அத்தான்கிட்ட சொல்லி வை. அதுவரைக்கும் சித்தப்பா எத நீட்டினாலும் அம்மா ரேகை வைக்கக் கூடாது. கிணத்துப் பங்கு எழுத்துல வரணும், வாய்ப்பேச்சு வேணாம். பட்டா நகல போட்டோ எடுத்து அனுப்பு, போன தடவை மாதிரி பாதி வெட்டுப்படாம.