சனிக்கிழமைப் பையன்கள்

அன்புள்ள கண்ணம்மா,

அன்றைக்கு போனில் நீ புலம்பியது மனதிலேயே நிற்கிறது. அணிக்கு ஆள் தேடும் மூத்த ஸ்கவுட்டுகள் பெரிய பெரிய கல்லூரிகளாகப் பிரித்துக்கொண்டு, மிசிசிப்பி, லூசியானா பக்கம் யாரும் எட்டிப் பார்க்காத சின்னக் கல்லூரிகளை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றாய். நான் அப்போதே பதில் சொல்லியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

முதலில் ஒரு வேடிக்கை. சேலத்திலிருந்து உன் பெரியம்மா கூப்பிட்டு, "அவளுக்கு அப்படி என்னதான் வேலை?" என்று கேட்டாள். அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஆள் தேடும் வேலை என்றேன். "ஐபிஎல் ஏலம் மாதிரியா?" என்றாள். ஏலமெல்லாம் இல்லை அக்கா, டிராஃப்ட் என்று பெயர், கல்லூரிப் பையன்களை எடுப்பது, 32 அணிகள், போன வருஷம் மோசமாக ஆடிய அணி முதலில் ஆளை எடுக்கும், ஜெயித்த அணி கடைசியில் எடுக்கும், இப்படி ஏழு சுற்று நடக்கும் என்று விளக்கினேன். வியாழக்கிழமை முதல் சுற்று, கோட்டும் சூட்டும் கேமராவுமாக. வெள்ளிக்கிழமை இரண்டும் மூன்றும். சனிக்கிழமைதான் நான்கிலிருந்து ஏழு வரை. அந்தப் பையன்கள் வீட்டில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். "அப்போ நம்ம பொண்ணு சனிக்கிழமைக்காரியா?" என்றாள் பெரியம்மா. அவளுக்கு எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ பிறந்து வளர்ந்தது பிட்ஸ்பர்க். பென் ஹில்ஸ் கோயிலுக்குப் போகும் நேரத்தைக்கூட நம்மூர் ஸ்டீலர்ஸ் அணியின் ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்த வீடு நம்முடையது. எழுபதுகளின் ஸ்டீலர்ஸ் பற்றி ஃபிராங்கோ ஹாரிஸ், டெர்ரி பிராட்ஷா என்று உன் அப்பா மூச்சுவிடாமல் பேசுவார். பில் நன் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசியதில்லை. ஆஸ்பத்திரி லேபில் என்கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர் 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையைச் சின்ன வயதிலிருந்து படித்தவர்.

பில் நன் அந்தப் பத்திரிகையின் விளையாட்டு எழுத்தாளர். கூரியர் கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகை. தெற்கே வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம். கிராம்ப்ளிங், சதர்ன், அலபாமா ஏ அண்ட் எம் போன்ற கறுப்பினக் கல்லூரிகளில்தான் அவர்கள் ஆடினார்கள். நன் வருஷாவருஷம் அந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் நேரில் போய், சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலைக் கூரியரில் போடுவார். உள்ளூர் அணியான ஸ்டீலர்ஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை என்ற கோபம் அவருக்கு இருந்தது. ஒருநாள் உரிமையாளர் வீட்டு டான் ரூனி அழைத்து என்ன குறை என்று கேட்க, மனதில் இருந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார். அப்படியானால் நீங்களே வந்து தேடுங்கள் என்றார் ரூனி. 1967இல் பகுதி நேர வேலையாகச் சேர்ந்தார், 1969இல் முழுநேரமானார்.

அப்புறம் யார் யார் வந்தார்கள் என்று பார். எல்.சி. கிரீன்வுட், 1969, பத்தாவது சுற்று, ஆர்கன்சாவின் ஒரு சின்னக் கல்லூரி. எர்னி ஹோம்ஸ், 1971, எட்டாவது சுற்று, டெக்சாஸ் சதர்ன். 'ஸ்டீல் கர்ட்டன்' என்று ஊரே நடுங்கிய அந்தத் தற்காப்பு வரிசையின் நால்வரில் இரண்டு பேர் இவர்கள். இன்றைக்கு டிராஃப்ட் ஏழு சுற்றோடு முடிந்துவிடுகிறது. எட்டாவதும் பத்தாவதும் இப்போது கிடையவே கிடையாது.

ஜான் ஸ்டால்வொர்த் கதையை நீ கேட்டிருக்கலாம், பரவாயில்லை, இன்னொரு தரம் கேள். அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியில் ரிசீவர், அதாவது ஓடிப் போய்ப் பந்தைப் பிடிப்பவர். ஸ்கவுட்டுகள் கூட்டமாக ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்து அவரை ஓடவிட்டு நேரம் எடுத்தார்கள். தரை ஈரம், நேரம் சுமாராக வந்தது. குறித்துக்கொண்டு எல்லோரும் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லி அங்கேயே தங்கினாராம். மறுநாள் காய்ந்த தரையில் மறுபடி ஓடவைத்தபோது வேகமே வேறாக இருந்தது. 1974இல் ஸ்டீலர்ஸ் லின் ஸ்வானை முதல் சுற்றிலும் ஜாக் லாம்பெர்ட்டை இரண்டாவதிலும் எடுத்துவிட்டு, ஸ்டால்வொர்த்தை நான்காவதிலும் மைக் வெப்ஸ்டரை ஐந்தாவதிலும் எடுத்தார்கள். நான்கு பேருமே பின்னால் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சேர்ந்தவர்கள். அதே வருஷம் எந்தச் சுற்றிலும் எடுக்கப்படாத டானி ஷெல்லையும் தென் கரோலினாவிலிருந்து கூட்டிவந்தார்கள். அவர் ஐந்தாவது ஆள். ஷெல்லும் நன்னும் 2021 ஆகஸ்டில் ஒரே வாரக் கடைசியில் அந்தப் பட்டியலில் கௌரவிக்கப்பட்டார்கள். அதைப் பார்க்க நன் உயிரோடு இல்லை, 2014இலேயே போய்விட்டார்.

இந்தப் பையன்கள் யாரும் ஒளிந்திருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் நிறைந்த மைதானத்தில் எல்லோர் கண்முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். மற்ற அணிகள் அந்தப் பக்கம் போகவில்லை, போனவர்களும் இரண்டாவது நாள் தங்கவில்லை. நன்னுக்குத் தனியாக மூன்றாவது கண் எதுவும் இல்லை. அந்தக் கல்லூரிக் கோச்சுகள் பல வருஷமாக அவரை அறிந்தவர்கள், மற்றவர்களிடம் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள். அந்த உறவை உண்டாக்கத்தான் உன்னை அங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள். உன் மேலதிகாரிக்கு அந்த எண்ணம் இல்லாவிட்டால்கூட உனக்கு என்ன நஷ்டம்?

டிராஃப்ட்டுக்கு முன் பையன்களை அளந்து பார்க்கும் இண்டியானாபோலிஸ் கம்பைன் பற்றி உன் அப்பாவுக்கும் எனக்கும் வருஷாவருஷம் வாக்குவாதம் வரும். உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம், நாற்பது கஜ ஓட்டம். எனக்கு அது பெண் பார்க்கும் சடங்கு மாதிரிதான் தெரிகிறது. நடக்கச் சொல்லிப் பார்த்து என்ன கண்டார்கள்? ஆனாலும் அளவு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லேபில் காலம் தள்ளியவள் அப்படிச் சொல்லவும் கூடாது. எந்த வேலைக்கு எந்த அளவு என்பதுதான் கேள்வி. சியாட்டில் அணி அதை ஒழுங்காகக் கேட்டது. நீளமான கையும் நல்ல உயரமும் உள்ள கார்னர்பேக் வேண்டும், ரிசீவரைத் தொடக்கத்திலேயே தடுத்து நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராகத் தொடங்கிக் கார்னராக மாறிய ரிச்சர்ட் ஷெர்மன் 2011இல் ஐந்தாவது சுற்றில் கிடைத்தார். அதே டிராஃப்ட்டின் ஏழாவது சுற்றில் வந்த மால்கம் ஸ்மித்தான் 2014 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர். ரிப்போர்ட்டில் "குறை: வேகம்" என்று எழுதுவதோடு விட்டுவிடாதே. அந்தக் குறை உங்கள் ஆட்டமுறையில் எங்கே உதைக்கும் என்றும் ஒரு வரி சேர்.

நீ படித்த புள்ளியியலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் டிராஃப்ட்டை ஆராய்ந்தார்கள். களத்தில் ஒரே இடத்தில் ஆடும் பையன்களில் முன்னால் எடுக்கப்பட்டவன், அவனுக்கு அடுத்து எடுக்கப்பட்டவனைவிட நன்றாக வருவதற்கு 52 சதவீதம்தான் வாய்ப்பு என்று கண்டார்கள். கிட்டத்தட்ட பூவா தலையா. அதனால் கூட்டத்தில் யாராவது "எனக்கு நிச்சயமாகத் தெரியும்" என்று மேஜையைத் தட்டினால் பயப்படாதே. நீயும் தட்டாதே.

பின்னால் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடியின் கதையை உன் ஆபீஸில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். 2000, ஆறாவது சுற்று, 199ஆவது ஆள், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவர், அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள். அவரை எடுத்த நியூ இங்கிலாந்து அணியின் கழுகுக் கண் என்பார்கள். அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் 199 வரை காத்திருப்பார்களா? அவர்களும் அவரைப் பலமுறை தாண்டிப் போனவர்கள்தான். அந்த அணிக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஸ்காட் பியோலி, பிரேடிக்கு முன்னால் ஐந்தாவது சுற்றில் எடுத்த டேவ் ஸ்டாகெல்ஸ்கி என்பவரின் படத்தைத் தன் மேஜையில் வைத்திருந்தார். அந்தப் பையன் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த மேஜை அதுதான்! பிரேடியை எடுக்கச் சொல்லி அழுத்தமாகப் பேசிய குவார்ட்டர்பேக் கோச் டிக் ரெபைன், 2001 ஆகஸ்டில் இறந்துபோனார். அடுத்த மாதம்தான் பிரேடிக்கு இடம் கிடைத்தது.

கண்டுபிடித்தவரோடு வேலை முடிவதும் இல்லை. பிலடெல்பியா அணியின் ஜோர்டன் மைலாட்டாவைப் பார். சிட்னியில் ரக்பி லீக் ஆடிய பையன், அமெரிக்கன் ஃபுட்பால் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். 2018இல் ஏழாவது சுற்றில் 233ஆவதாக எடுத்தார்கள். முதல் இரண்டு பருவம் களமே இறங்கவில்லை. முன்வரிசைக்காரர்களுக்கான லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லாண்ட் விடாமல் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தபோது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையில் இடது டேக்கிள் அவர்தான். வேறு அணிக்குப் போயிருந்தால் முதல் ஆகஸ்டிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

அந்த ஆகஸ்டை மறந்துவிடாதே. தொண்ணூறு பேரை ஐம்பத்து மூன்றாகக் குறைக்கும்போது முதலில் போவது பெரும்பாலும் சனிக்கிழமைப் பையன்கள். ஜெயித்தவர்களின் கதைதான் நமக்கு வந்து சேர்கிறது. ஒரு பையனைப் பிடித்துப்போய் அவன் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் ஊதிவிட்டாய் என்றால், கடைசியில் அவன்தான் பையைக் கட்டிக்கொண்டு போவான். அவன் கோச்சும் அடுத்த முறை உன்னை நம்ப மாட்டார்.

சரி, இடமாற்றம் கேட்டு மெயில் போடப் போவதாகச் சொன்னாயே, இந்தப் பருவம் முடியட்டும். நெடுந்தூரம் ஓட்டும்போது இருட்டுவதற்கு முன் விடுதிக்குப் போய்ச் சேர். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பார்சலில் வருகிறது. அப்புறம், போனை வைக்கும் நேரத்தில் ஒரு லைன்மேனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாயே, கோச் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார் என்று? பெயர் வேண்டாம், உங்கள் ஆபீஸ் விதி எனக்குத் தெரியும். முன்வரிசையில் கார்டா, டேக்கிளா? கை எவ்வளவு நீளம்?

அன்புடன்,
அம்மா