செம்மறி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒன்றும் விடாமல் நடந்தன. தடுப்பூசி போடுவதும் குடற்புழு மருந்து கொடுப்பதும் முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நாம் அதிகம் பேசிய, ஆட்டுக்குத் துவர்ப்புத் தழை போடும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

விடியற்காலையில் பட்டிக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி அடிக்கிறதே, அதில் நம் புண்ணாக்குக் காசும் இருக்கிறது. கடலைப் புண்ணாக்கின் புரதத்தைச் செம்மறியின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் சட்டென்று உடைத்து அம்மோனியா ஆக்கிவிடுகின்றன. அவற்றின் தேவைக்கு மிஞ்சியது ஈரலில் யூரியாவாகி மூத்திரத்தில் போய்விடுகிறது. பட்டித் தரையில் அது மறுபடி அம்மோனியாவாகி நெடி அடிக்கிறது.

இந்த இழப்பைக் குறைக்கத் தழையின் துவர்ப்பு கைகொடுக்கும். ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை போட்டுத் தோல் பதனிடுவார்கள் அல்லவா? அந்தப் பட்டையில் உள்ள டானின்தான் தழையிலும் இருக்கிறது. அது புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். முதல் வயிற்றில் பி.எச். 6 முதல் 7 வரை (பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு ஏற ஏற அது குறையும்). அங்கே பிடி விடாது. நான்காம் வயிற்றில் புளிப்பு ஏறி 3-க்குக் கீழே இறங்கும்போது பிடி தளரும். அப்புறம் புரதம் சிறுகுடலில் செரித்து உடம்பில் சேரும்.

ஆனால் அளவு தப்பக் கூடாது. ஈரம் நீக்கிய தீவனக் கணக்கில் டானின் 2 முதல் 4 சதவீதம் இருந்தால் நல்லது. 5-ஐத் தாண்டினால் ஆடு தீனி எடுக்காது, செரிமானமும் கெடும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போன கோடையில் கொறங்காடு என்னும் நம் மேய்ச்சல் காடு காய்ந்து கிடந்தபோது, கருவேலங்காயையும் தழையையுமே நாலு நாள் குட்டிகளுக்குப் போட்டேன். தொட்டியில் பாதி அப்படியே கிடந்தது. புழுக்கை கல்லாட்டம் இறுகிவிட்டது. காய் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். நாக்கு இழுத்து அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. வாயில்லா ஜீவனை நாலு நாள் இப்படிப் படுத்தினோமே என்று மனசு கேட்கவில்லை. சோளத்தட்டும் கடலைக்கொடியும் கலந்து போட்ட பிறகுதான் குட்டிகள் தேறின.

ஆகவே உறுப்பினர்களுக்குச் சொல்வது இதுதான். புண்ணாக்கு வைக்கும் வேளையிலேயே தழையையும் வையுங்கள். வெறும் சோளத்தட்டு தின்னும் ஆட்டுக்குத் துவர்ப்புத் தழையைக் கூட்டாதீர்கள். அங்கே மிச்சம் பிடிக்கப் புரதமே இல்லை, இருப்பதையும் டானின் கட்டிப்போட்டுவிடும். ஒரே மரத்தில் ஒடிக்காமல் வெள்வேல், ஆல், கொய்யா என்று கலந்து போடுங்கள். சவுண்டல் (சூபாபுல்) தழையில் மைமோசின் என்னும் நச்சும் உண்டு, அளவு மிஞ்சினால் மயிர் கொட்டும். அதனால் அதைக் குறைத்தே கொடுங்கள்.

கொழுக்கட்டைப்புல் நடுவே தானாக முளைக்கும் வெள்வேல் கன்றுகளை உழவிலும் விறகுக்கும் அழிக்க வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். கோடையில் அதன் காயும் தழையும்தானே நம் ஆட்டைக் காப்பாற்றுகின்றன.

டானின் அளவு மரத்துக்கு மரம் மாறும், கொழுந்துக்கும் முற்றலுக்கும்கூட மாறும். வரும் ஆண்டில் நம் தழைகளை ஆய்வகத்தில் சோதிக்கத் தீர்மானித்திருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நிழலில் உலர்த்திய தழை ஒரு பை கொண்டுவாருங்கள். மரத்தின் பெயரையும் ஒடித்த தேதியையும் பையின் மேல் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்