மணல் வண்டி பற்றி மச்சானுக்கு ஒரு கடிதம்

கடலூர் முதுநகர்
மாசி 8, ஞாயிறு காலை

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது ஒரு வேலையைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். இன்று ஞாயிறு. வீட்டில் எல்லோரும் பாடலீசுவரர் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். காபி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் என்று எழுதியிருந்தாய். தேதி குறித்ததும் சொல். வீட்டுக்காரி இரண்டு நாள் வந்து கூட இருக்கிறேன் என்கிறாள். நம் வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது.

நீ கேட்டது இரண்டு கேள்வி. பொங்கல் விடுமுறையில் தாழங்குடாவில் என்ன நடந்தது, பையன் முழுசாகச் சொல்ல மாட்டேன் என்கிறான். அடுத்தது, அவன் மாருதி இன்ஜினை வைத்துத் தானே செய்த, மணலில் ஓட்டுகிற அந்தப் பக்கி வண்டியை வைத்துக்கொள்ளலாமா, காயலான் கடையில் போட்டுவிடலாமா. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் இரண்டாவதற்கு வர முடியும்.

காணும் பொங்கலுக்கு மறுநாள், விடிந்தும் விடியாமலும் உன் மகன் போன் செய்தான். குட்டி யானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு கூட்டாளிகள் இரண்டு பேரோடு பெண்ணையாற்று முகத்துவாரத்துக்கு வந்திருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது பின்சக்கரம் இரண்டும் ஆக்சில் வரைக்கும் மணலுக்குள். அடிச்சட்டம் தரையில் உட்கார்ந்துவிட்டது. கடல் ஏத்தம் ஆரம்பித்து, பெரிய அலை வந்தால் நுரை சக்கரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. பயத்தில் அவன் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தான். சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமானது. கிளட்ச் வாசனை தூரத்திலேயே அடித்தது. முதல் வேலையாக இன்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

படகு இழுக்கிற டிராக்டரைக் கொண்டுவந்து மீனவர்கள்தான் இழுத்துக் கொடுத்தார்கள். நாங்கள் சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாகத் தோண்டி, கீற்று ஓலையை மடித்துப் போட்டோம். கயிற்றை நேராகப் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். காசு நீட்டியபோது வாங்கவில்லை. அதில் வயசான ஒருவர் உன் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்சம் மேலே மணலைக் காட்டினார். சின்ன டிராக்டர் ஒன்று போய்வந்த மாதிரி, இரண்டு பக்கமும் துடுப்படித்த தடம். பங்குனி ஆமை ராத்திரி ஏறி வந்து முட்டை இட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது. நம் வண்டியின் டயர் தடம் அந்தத் தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. முட்டைக் குழிக்கும் டயருக்கும் நடுவில் ஒரு பாக நீளம், இரண்டு கையை விரித்த அளவுகூட இல்லை.

பையனுக்கு முகம் சுண்டிப்போனது. அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவனைத் திட்டாதே மச்சான். பிறகு வனத்துறை ஆள் வந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகும் வரை அவன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இனி மணல் விஷயம். துபாயிலிருந்து ஹத்தா போகிற சாலையில் அல் பதாயர் என்று ஒரு செம்மணல் மேடு இருக்கிறது. சுற்றுலாக்காரர்களுக்கு பக்கி வாடகைக்கு விடுகிற கூடாரத்தில் நான் பதினொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தது அங்கேதான். அங்கே இருப்பது எலும்பு மாதிரி காய்ந்த மணல், காற்றில் உருண்டு உருண்டு வழவழத்துப் போனது. நம் கரையில் நூறு அடி நடந்தால் மூன்று விதம் பார்க்கலாம். மேலே காய்ந்த மணல், கால் புதையும். அடுத்து, வற்றும்போது அலை விட்டுப்போன ஈர மணல். மணல் மணிகளுக்கு நடுவே இருக்கிற கொஞ்சூண்டு தண்ணீர் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் அது தார் ரோடு மாதிரி இறுகி நிற்கும். சின்ன வயசில் நாம் கோயில் கட்டியதெல்லாம் அந்த மணலில்தானே. அதற்கும் கீழே, அலை ஓரத்தில், தண்ணீர் அளவுக்கு மீறிப் போய்விடும். மணிகள் மிதக்க ஆரம்பித்து, பார்வைக்குக் கெட்டியாக இருப்பது பாரம் ஏறியதும் கூழாகிவிடும். முகத்துவாரத்தில் அடியிலிருந்தும் ஆற்றுத் தண்ணீர் ஊறுவதால் இன்னும் மோசம். உன் மகன் நின்றது அங்கேதான். பளபளவென்று மின்னுகிற மணலில் சக்கரத்தை வைக்காதே என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

டயரில் 28 பவுண்டு காற்று இருந்தது. மணலுக்கு அது கல். அந்த எடைக்கு 10, 12 போதும். காற்றை இறக்கினால் டயர் தரையில் படுகிற இடம் நீளவாக்கில் நீண்டு பாரம் பரவிவிடும். ஒட்டகத்தின் பாதம் அப்படித்தான் விரிகிறது. ஆனால் 8-க்குக் கீழே இறக்கினால் வளைக்கும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். வேலை முடிந்ததும் மறக்காமல் காற்றை ஏற்ற வேண்டும். கெட்டித் தரையில் அந்தக் காற்றோடு ஓட்டினால் பக்கச் சுவர் சூடேறிக் கிழிந்துபோகும். பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரசர் ஒன்று வாங்கிக் கொடு.

ஓட்டுவதில் நிறைய வித்தை இல்லை. இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளப்ப வேண்டும். ஓட்டம் விட்டுப்போகாமல் ஒரே சீராகப் போக வேண்டும். நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தால் முன்சக்கரத்துக்கு எதிரே மணல் குவிந்து வரப்பு கட்டிவிடும். காலை எடுத்துவிட்டுத் தானாக நிற்க விடணும், அதுவும் முகம் இறக்கத்தைப் பார்த்து. புதைகிற மாதிரி தெரிந்த நொடியே காலை எடுத்து, வந்த தடத்திலேயே பின்னால் வந்துவிட வேண்டும். சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் நேர்க்கோடு. பக்கவாட்டில் போனவர்கள் உருண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை மேட்டின் உச்சி தாண்டியதும் எதிரே இன்னொரு வண்டி வந்து, ஒருவனுக்குத் தோள்பட்டை போனது. உயரமான கம்பில் கொடி கட்டாத வண்டியை அதற்குப் பிறகு நான் வெளியே விட்டதே இல்லை. பெல்ட் போடாதவனுக்குச் சாவி கிடையாது.

அந்தக் கூடாரத்தில் மேஸ்திரி ஒருவர் புரூஸ் மேயர்ஸ் படத்தை ஒட்டி வைத்திருந்தார். கலிபோர்னியாவில் கண்ணாடி இழையில் படகு செய்தவர். 1964-ல் படகு மாதிரியே ஒரு உடம்பு வார்த்து, வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இன்ஜினையும் சக்கர அமைப்பையும் அதில் மாட்டியதுதான் மேயர்ஸ் மாங்ஸ். 1967-ல் அந்த வண்டியில் மெக்சிகோவின் லா பாஸிலிருந்து டிஹுவானா வரைக்கும் 34 மணி 45 நிமிஷத்தில் ஓடி, மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். 2021-ல், 94 வயதில் இறந்தார். அந்த வண்டியில் பெரிய இன்ஜின் எதுவும் கிடையாது. எடை இல்லை, இன்ஜின் பின்னால் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். உன் மகன் மாருதி 800-இன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படியே தூக்கிப் பின்னால் வைத்திருக்கிறானே, அதே கணக்கு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்திருக்கிறான். வெல்டிங்கும் சுத்தமாக இருக்கிறது. அதனால்தான் காயலான் கடை என்று நீ எழுதியது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு குறை. பீட்டில் இன்ஜின் காற்றில் ஆறுவது. மாருதிக்கு ரேடியேட்டர் வேண்டும். மணலில் வேகம் குறைவு, சுற்று அதிகம், சீக்கிரம் கொதிக்கும். ரேடியேட்டரைத் தாழ்வாக வைத்திருக்கிறான். கூண்டுக் கம்பிக்குப் பின்னால் உயரத்தில் ஏற்றி இரட்டை ஃபேன் வைக்கச் சொல்லியிருக்கிறேன். காற்று இழுக்கிற குழாயையும் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். பேப்பர் ஃபில்டர் வேண்டாம், எண்ணெய் தடவுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடட்டும். ஃபில்டரைத் தாண்டின குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்க்கணும். நறநறவென்று பட்டால் மணல் பிஸ்டனைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பாலைவனத்தில் எனக்குப் பழக்கமில்லாத எதிரி இங்கே உப்பு. அன்று வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து கழுவியது நான்தான், தப்பு செய்ததும் நான்தான். அவசரத்தில் முதுநகர் போர் தண்ணீரிலேயே கழுவிவிட்டேன். நம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உனக்குத் தெரியாதா? பத்தே நாளில் ஸ்டார்ட்டர் இறுகிப்போனது, கனெக்டர்களில் பச்சை பூத்தது. பிறகு குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து, திரும்ப எல்லாவற்றையும் பிரித்துக் கழுவினேன். வேகமாகப் பீய்ச்சுகிற பம்பைப் பேரிங் பக்கம் காட்டக்கூடாது. சீலைத் தாண்டி உள்ளே போகும். ஓடிச் சூடான பேரிங் அலையில் நனைந்தால் இன்னும் கெடுதல். சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, உப்புத் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அலையில் நீர் தெறிக்க ஓட்டுவது படத்தில் அழகு, பேரிங்குக்கு எமன்.

பின்சக்கரப் பேரிங் இரண்டையும் கழற்றினேன். கிரீஸ் பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. மாற்றியாக வேண்டும். ஆக்சில் மூட்டு ரப்பர் பூட் ஒன்றில் கீறல். அதற்குள் மணல் போனால் கிரீஸோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி மூட்டை அரைத்துவிடும். பிரேக் டிரம்முக்குள் ஒரு கைப்பிடி மணல் இருந்தது. அப்புறம் இந்தச் சட்டம் முழுக்க இரும்புக் குழாய் இல்லையா, ஓட்டை வழியாகத் தண்ணீர் போய் உள்ளேயிருந்து துருவேறும், வெளியே பெயின்ட் புதுசாகவே தெரியும். அடியில் சின்ன ஓட்டை போட்டுத் தண்ணீரை வடித்து, உலர்த்தி, பழைய கியர் ஆயிலை ஊற்றி உருட்டிவிட்டு, ஓட்டைகளை அடைத்திருக்கிறேன். வயர் முனைகள் எல்லாவற்றுக்கும் கிரீஸ் வைத்தாயிற்று.

வண்டியை வைத்துக்கொள். ஆனால் கடற்கரையில் ஓட்ட வேண்டாம், நம் பக்கமும் சரி, உங்கள் புதுச்சேரியில் வீராம்பட்டினம், நரம்பை பக்கமும் சரி. தை முதல் பங்குனி வரை ஆமை ஏறும் காலம். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிக்க ஐம்பது நாள் ஆகும். டயர் ஏறினால் மேல் மணல் இறுகிப்போகும். குஞ்சு எப்படியோ மேலே வந்துவிட்டாலும் நம் கட்டை விரல் அளவுதான் இருக்கும், டயர் பள்ளத்தில் விழுந்தால் ஏற முடியாமல் அதற்குள்ளேயே அலையும். மேட்டு மணலைப் பிடித்துவைத்திருப்பது அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும். ஒரு தடவை டயர் அறுத்துவிட்டால் காற்று அந்த இடத்தைத் தோண்டிக்கொண்டே போகும். மணல்மேட்டை மாற்றக்கூடாது என்று கடற்கரை மண்டலச் சட்டமே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் நாம் தூக்கிய உடல்களை நீயும் மறந்திருக்க மாட்டாய். கரையில் மேடு மேடாக எது நிற்கிறதோ அது நிற்கட்டும்.

கரை இழப்பது என்றால் என்ன என்று உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகச் சுவர் கட்டிய பிறகு தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் தடைப்பட்டு, பீச் ரோடில் வெறும் பாறாங்கல்லில் உட்கார்ந்துதானே நாம் பேசினோம். 2018-ல் கடலுக்குள் செயற்கைப் பாறை வைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்ப வந்ததும், நீ போன் செய்து "மச்சான், கால் வைத்துவிட்டேன்டா" என்றாயே, அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓட்ட இடம் பார்த்துவிட்டேன். தியாகவல்லி பக்கம் என் சகலையின் பட்டா நிலம், கடலிலிருந்து உள்ளே தள்ளி, மூன்று ஏக்கர். 2011-ல் தானே புயலில் விழுந்த சவுக்குக்குப் பதிலாக வைத்ததை இந்த வருஷம் வெட்டியிருக்கிறார்கள். வெறும் மணல் காடு. சவுக்குக் கட்டை டயரைக் குத்திவிடும் என்பதால் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த நடவு வரைக்கும் ஓட்டிக்கொள்ளலாம். ரோட்டில் மட்டும் ஓட்டிக்கொண்டு வரக்கூடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றின வண்டிக்குப் பதிவு கிடையாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது. குட்டி யானையிலேயே வரட்டும்.

பேரிங் இரண்டும், ரப்பர் பூட் ஒரு ஜோடியும் இம்பீரியல் ரோட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பிரேக் ஷூ அங்கே கிடைத்தால் உன் மகனிடம் கொடுத்துவிடு. அந்தத் தாழங்குடா முட்டைகள் இந்த மாசக் கடைசிக்குள் பொரியும் என்கிறார் பொரிப்பகத்துக்காரர். சாயங்காலம் கடலில் விடுவார்களாம். போன் வந்ததும் சொல்கிறேன். பையனோடு நீயும் பஸ் ஏறிவிடு.

உன் அன்பு,
மச்சான்