துக்கத்தைப் படம் பிடிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான். விடியற்காலையில் கடற்கரையில் நடக்கும்போது நாள்தோறும் காணும் பெரியவர் ஒருவருக்கு அண்மையில் நேர்ந்ததைப் பற்றி எழுதுகிறேன். எந்தக் கரை என்பதை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் அவர் வருவார். செருப்பை மேட்டில் கழற்றிவிட்டு, ஈர மணலுக்குச் சற்று மேலே குத்துக்காலிட்டு அமர்ந்து, வெறுங்கையாலேயே ஒரு குழி தோண்டுவார். கடற்காற்றில் சூடம் நிற்காது, தீக்குச்சியும் நிற்காது. ஆகவே குழிக்குள் கையை விட்டு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, அங்கேயே நட்டு, அது எரிந்து தீரும் வரை, ஏறக்குறைய அரைமணி நேரம், கடலைப் பார்த்தபடி இருப்பார். வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை, கும்பிடுவதுகூட இல்லை. பத்தி அணைந்ததும் குழியை மூடி, உள்ளங்கையால் மணலைத் தடவிச் சமன் செய்துவிட்டுப் போய்விடுவார். சென்ற ஐப்பசியில் மழை கொட்டிய ஒரு காலையில், தாம் முழுக்க நனைந்துகொண்டு, குடையை அந்தக் குழியின் மேல் பிடித்திருந்தார்.

யாருக்காக என்று நான் கேட்டதில்லை. கரையோர டீக்கடைக்காரரிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தபோது, "தெனம் வருவாரு சார், நாங்க ஒண்ணும் கேட்டுக்கிறதில்ல" என்று சொல்லி அவர் பாலை ஆற்றத் தொடங்கிவிட்டார். அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவருடைய இழப்பு சுனாமியில் நேர்ந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடையாளம் காணவும் அவகாசமின்றிப் பலரைப் பெருங்குழிகளில் ஒன்றாகப் புதைக்க வேண்டியிருந்தது. கடல் திருப்பித் தராதவர்களும் உண்டு. அன்று மார்கழிப் பௌர்ணமி. ஒரு தெருவுக்கே, சில ஊர்களுக்கே, ஒரே திதி. ஆண்டுதோறும் அந்நாளில் கடலில் பாலூற்றி மலர் தூவி அழுகிறோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒருவர் தனியே வந்து ஏற்றும் ஊதுபத்திக்கு நம் சடங்குகளில் பெயரில்லை. பெயரில்லாவிட்டாலும் அது சடங்குதான்.

இரண்டு மாதங்களுக்கு முன், சுற்றுலா வந்த இளைஞர்கள் சிலர் அவரைக் கைப்பேசியில் படம் பிடித்து, சோகப் பாட்டைச் சேர்த்து, மனைவியையும் மூன்று குழந்தைகளையும் கடலுக்குக் கொடுத்தவர் என்று தாங்களே கதை கட்டிப் பரப்பிவிட்டார்கள். அவரிடம் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை நான் நேரில் பார்த்தேன். அதன்பின் அவரைத் தேடியே ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பணத்தை நீட்டினார். ஒரு பெண், நல்ல மனத்தோடுதான் என்று நம்புகிறேன், பக்கத்தில் அமர்ந்து தற்படம் எடுத்துக்கொண்டார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல், பாதி எரிந்த பத்தியோடு குழியை மூடிவிட்டு எழுந்து போனார். பத்து நாட்கள் அவரைக் காணவில்லை. இப்போது நன்றாக இருட்டியிருக்கும்போதே வந்துவிட்டுப் போகிறார் போலும். நான் போகும் நேரத்தில் தடவிச் சமன் செய்த மணல் மட்டுமே இருக்கிறது.

துக்க வீட்டில் விடைபெறும்போது "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் எழுந்து வருவது நம் வழக்கம். எப்படி இறந்தார், என்ன வயது என்றுகூட வீட்டாரிடம் கேட்காமல், வாசலில் அமர்ந்திருப்பவரிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்வோம். சிறு வயதிலேயே யாரும் சொல்லித் தராமல் கற்றுக்கொண்ட இந்தப் பண்பு, கையில் கைப்பேசி இருக்கும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறது? துக்கத்தில் இருப்பவர் பொதுவெளியில் அமர்ந்திருப்பதால் அவருடைய துக்கம் பொதுச் சொத்தாகிவிடாது.

அந்தக் காணொளியை இன்னும் பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் தயவுசெய்து அதை நீக்கிவிட வேண்டும். டிசம்பரில் நினைவு நாள் செய்திக்காக இக்கரைகளுக்கு வரும் தங்கள் செய்தியாளர்களும் அவரைத் தேட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.